சுகர் கிளைடர் தன் உடலையே கடித்துக்கொண்டால்

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் சுகர் கிளைடர் என்னும் சின்ன விலங்கை வளர்க்கும் வீடுகளை இப்போது அங்கங்கே பார்க்க முடிகிறது. பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கும். சட்டைப் பைக்குள் தூங்கும், ராத்திரியில் திரைச்சீலையில் ஏறித் தோளுக்குத் தாவும். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள் காலையில் கூண்டுத் துணியில் ரத்தம் இருக்கும். எடுத்துப் பார்த்தால் வால் நுனி இல்லை, அல்லது ஒரு விரல் கடிபட்டிருக்கிறது. பூனை எதுவும் வரவில்லை, எலியும் வரவில்லை. அதுவே கடித்திருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்தக் காலை நேரத்தில் பதறிப்போய் நிற்பவர்களுக்காக. அந்த நிலை இன்னும் வராதவர்கள் படித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முதலில் இந்த விலங்கைப் பற்றிக் கொஞ்சம். கிளைடர் அணில் வகை கிடையாது. கங்காருவைப் போல வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டி. ஆஸ்திரேலியாவும் நியூகினியும் அதன் ஊர். வளர்ந்த கிளைடரின் எடை சுமார் 80 முதல் 160 கிராம் வரை. முன்கையிலிருந்து பின்கால் வரை விரியும் தோலை வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் மிதந்து போகும். பகலில் தூக்கம், இரவில்தான் வாழ்க்கை. காட்டில் அது பொதுவாகத் தனியாக இருப்பதில்லை. ஒரே மரப்பொந்தில் ஒரு குடும்பமாக, ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு தூங்கும். ஒன்றின் வாசனை இன்னொன்றின் மேல் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று அதன் பல். மரப்பட்டையைக் கீறிப் பிசினும் சாறும் வரவைப்பதற்காக, கீழ்த்தாடையின் முன்பற்கள் நீண்டு முன்னோக்கி நிற்கும். மரத்தைக் கீறும் பல் தன் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் எலும்பு வரை போய்விடும்.

ஏன் கடிக்கிறது?

பார்த்தவுடன் வீட்டில் யாராவது "இதுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு" என்பார்கள். பிடிக்கவில்லை. அதற்கு வலிக்கிறது, அல்லது அரிக்கிறது, அல்லது பயத்திலும் தனிமையிலும் அதன் உடம்பு தாங்க முடியாத இறுக்கத்தில் இருக்கிறது. நமக்குக் கால் மரத்துப்போய் ஊசி குத்துவது போல இருக்கும்போது காலை உதறுகிறோம், தேய்க்கிறோம். கிளைடருக்கு அந்த மாதிரி உணர்வு வந்தால் கையில் இருக்கும் ஒரே கருவி பல். உறுத்தும் இடத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போட்டுவிடப் பார்க்கிறது. கடித்த இடம் வீங்கும், வீக்கம் இன்னும் உறுத்தும், உறுத்தினால் இன்னும் கடிக்கும். இந்தச் சுழல் தானாக நிற்காது. ஒருநாள் பார்க்கலாம் என்று காத்திருக்க இடமே இல்லாத நோய் இது.

அதனால் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். பல் உடம்புக்கு எட்டாமல் தடுப்பது ஒன்று. எதற்காகக் கடிக்கிறது என்று கண்டுபிடித்துத் தீர்ப்பது இன்னொன்று. பல் எட்டாமல் தடுக்கும் கூம்புக் காலரைக் கழுத்தில் மாட்டிவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விட்டால், காலரைக் கழற்றிய அன்றே மறுபடி கடிக்கும். காரணத்தை மட்டும் தேடிக்கொண்டு காலர் போடாமல் விட்டால், தேடி முடிப்பதற்குள் கை போயிருக்கும். நிறைய பேர் இதில் ஒன்றை மட்டும் செய்து ஏமாந்துபோகிறார்கள்.

முதல் ஒரு மணி நேரம்

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், துரத்திப் பிடிக்காதீர்கள். அது தூங்கும் துணிப்பையோடு சேர்த்து எடுத்து, மெல்லிய துணியில் உடம்பைச் சுற்றி, தலையை மட்டும் வெளியே விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டும், நெஞ்சு அவ்வளவு சின்னது. அறையில் டிவியை நிறுத்துங்கள், விளக்கைக் குறையுங்கள். கிளைடர் பயந்தால் பலமாக, கரகரவென்று கத்தும். கேட்டுப் பயப்பட வேண்டாம், அதற்காக விட்டுவிடவும் வேண்டாம்.

ரத்தம் வந்துகொண்டிருந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்து சில நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. 100 கிராம் எடையுள்ள கிளைடரின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 7 மில்லிதான், ஒன்றரை டீஸ்பூன். நம் கண்ணுக்குச் சில சொட்டாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. ரத்தம் நின்ற பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனை ஊற்றிக் காயத்தைக் கழுவலாம். அதுக்கு மேல் வீட்டில் செய்ய வேண்டாம்.

இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் ரத்தம் வந்தால் காப்பித்தூள் வைப்பது பழக்கம். கிளைடருக்கு வைக்காதீர்கள். காயத்தில் வைப்பது எல்லாம் அடுத்த நிமிடம் அதன் வயிற்றுக்குள் போகும், காஃபின் அதற்கு விஷம். டெட்டாலும் அப்படித்தான், தோலையும் பொசுக்கும், நக்கினால் உள்ளேயும் கெடுக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காயத்துக்குப் போடும் பவுடர், மரத்துப்போக வைக்கும் களிம்பு எதுவும் வேண்டாம். குழந்தைகளின் பாராசிட்டமால் சிரப்பை ஒரு சொட்டுதானே என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த எடைக்கு ஒரு சொட்டு என்பதே பெரிய அளவு. வலி மருந்து கண்டிப்பாக வேண்டும், ஆனால் கிராம் கணக்கில் எடை பார்த்து மருத்துவர் தர வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இதற்கு மெலாக்சிகாம் போன்ற மருந்துகளை மிகச் சிறிய அளவில் பயன்படுத்துகிறார்கள்.

மருத்துவரிடம் எப்போது என்று கேட்டால், அன்றைக்கே. வடசென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி பக்கம்தான். அங்கே 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தனியார் கிளினிக் போவதாக இருந்தால் கிளம்பும் முன் போன் செய்து "சுகர் கிளைடர் பார்ப்பீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். நாய், பூனை பார்ப்பவர்கள் எல்லோரும் கிளைடர் பார்ப்பதில்லை. போய் நின்று திரும்பி வருவது அதற்கும் அலைச்சல், உங்களுக்கும் அலைச்சல். துணிப்பையை ஒரு சின்னக் கூடைக்குள் வைத்து, மேலே மூடி, வெயில் ஏறுவதற்கு முன் ஆட்டோவில் போய்விடுங்கள். போகும் வழியிலும் கடிக்கும், அதனால் மடியில் வைத்துக் கையால் தடுத்துக்கொண்டே போக இன்னொருவர் கூட வந்தால் நல்லது.

என்ன சாப்பிடுகிறது, கூட ஜோடி இருக்கிறதா, ஆணா பெண்ணா, கருத்தடை ஆகியிருக்கிறதா, சமீபத்தில் வீட்டில் என்ன மாறியது, முதலில் எந்த இடத்தைக் கடித்தது. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காயத்தை போட்டோ எடுத்து வையுங்கள். மருத்துவருக்குப் பாதி வழி அதிலேயே தெரிந்துவிடும்.

காலர்

கழுத்தைச் சுற்றி விரிந்து நிற்கும் கூம்புதான் காலர். நாய்க்குப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளைடர் அளவில் கடையில் கிடைப்பது அபூர்வம், அதனால் பெரும்பாலும் செய்துதான் போட வேண்டியிருக்கிறது. பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இதற்கு நல்ல பொருள், வளையும் ஆனால் மடங்காது. பிளாஸ்டிக் ஃபைல் அட்டையும் ஆகும். உள்வட்டம் கழுத்துக்குச் சரியாக, மூச்சு முட்டாமலும் தலை வழியே கழன்று வராமலும் இருக்க வேண்டும். வெளி விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி நிற்க வேண்டும், குட்டையாக வெட்டினால் வளைந்து எட்டிவிடும். கழுத்தில் படும் விளிம்பு முழுக்க மெல்லிய துணியோ மைக்ரோபோர் பிளாஸ்டரோ ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தில் இன்னொரு காயம் வரும். முடிந்தால் முதல் முறை மருத்துவரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காலர் போட்டவுடன் அது உருளும், பின்னாலேயே நகரும், குட்டிக்கரணம் போடும். பார்க்கவே மனசு கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், கையை மேலே வைத்து அமைதியாக இருங்கள். வலி மருந்து வேலை செய்யத் தொடங்கினால் மெல்ல அடங்கும். முதல் நாளில் உண்மையான ஆபத்து வேறு. முன்கை காலருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும், அப்படியே விட்டால் மூச்சுத் திணறும். அதனால் முதல் இரவு யாராவது ஒருவர் முழித்திருக்க வேண்டும். கிளைடர் சுறுசுறுப்பாவது நாம் தூங்கும் நேரத்தில். கடிப்பதும் அப்போதுதான். வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி, அப்பா அம்மா முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை.

அப்புறம், "பாவம், கொஞ்ச நேரம் கழட்டி விடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். நீங்கள் கழற்றாதீர்கள். தோல் காயம் மூட பொதுவாக பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் ஆகும், ஆழமாக இருந்தால் இன்னும் அதிகம். காயம் காய்ந்து பொருக்கு கட்டும் சமயத்தில்தான் அரிப்பு அதிகம். நாம் "சரியாயிடுச்சு" என்று நினைத்துக் கழற்றுவதும் அதே சமயத்தில். பாதி ஆறிய காயத்தை அது மறுபடி பிய்த்துப் போடுவது அப்படித்தான் நடக்கிறது.

நோயாளிக்கு ஒரு இடம்

பெரிய கூண்டு, ஏணி, சக்கரம் எதுவும் இப்போது வேண்டாம். காலரோடு ஏறினால் விழும். காற்றுத்துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி, தரையில் மெத்தென்ற துணி, போதும். பூந்துவாலை போடாதீர்கள், அதன் நூல் விரலில் சுற்றி இறுகிவிடும். தைத்த நூல் பிரியாத வழவழப்பான போர்வைத் துணி நல்லது.

நம் ஊரில் அடுத்த பிரச்சினை வெப்பம். காயம்பட்ட கிளைடருக்கு 24 முதல் 27 டிகிரி வரை இதமாக இருக்கும். 32-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஷீட் கூரைக்குக் கீழே மே மாத மதியம் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் குளிர்ச்சியான மூலையைத் தேடுங்கள், கீழ்த்தளத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் பகலில் அங்கே வையுங்கள். ஈரத்துணியைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் போடலாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். அதே சமயம் ஏசி நேராகப் படும்படி வைக்கவும் கூடாது. ரத்தம் இழந்த உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப்போகும். தொட்டால் ஜில்லென்று, கூப்பிட்டால் அசையாமல் இருந்தால் துணியில் சுற்றி உங்கள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும்.

எறும்பையும் ஈயையும் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் கொஞ்சம் சொல்கிறேன். கிளைடர் சாப்பாடு இனிப்பு. இனிப்பு சிந்தினால் எறும்பு வரும். காலர் போட்ட கிளைடரால் எறும்பைத் தட்டிவிட முடியாது, காயத்தில் ஏறிவிடும். பெட்டியை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். ஈ இன்னும் மோசம். ராயபுரம், காசிமேடு பக்கம் மீன் வாடை இருக்கும் தெருக்களில் பகலில் ஈ இல்லாத வீடு கிடையாது. திறந்த காயத்தில் ஈ முட்டை வைத்தால் புழு வைத்துவிடும். பெட்டி மேல் கொசுவலையை இறுக்கமாகப் போர்த்துங்கள். காயத்தில் அரிசி மாதிரி வெள்ளையாக எதுவும் தெரிந்தால் மருந்து ஊற்றிப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாடு கையால்தான். காலர் இருக்கும்போது கிண்ணத்துக்கு வாய் எட்டாது. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் வாயின் ஓரத்தில், அது நக்க நக்க, சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். தண்ணீரும் அப்படியே. ஆரோக்கியமான கிளைடர் ஒரு நாளைக்குத் தன் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை சாப்பிடும், ஆகவே 100 கிராம் கிளைடருக்கு 15 கிராமாவது உள்ளே போக வேண்டும். இரவில் பல தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கித் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

காரணத்தைத் தேடுவது

எந்த இடத்தைக் கடிக்கிறது என்பதே பெரிய துப்பு. பின்புறத்தையும் வாலின் அடியையும் கடித்தால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், அங்கே இருக்கும் வாசனைச் சுரப்பிகள் அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம். சிறுநீர் கழிக்கும்போது முக்குகிறதா, சத்தம் போடுகிறதா என்று கவனியுங்கள். ஆண் கிளைடரின் குறி சில சமயம் வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுவிடும். கொஞ்ச நேரம் வெளியே தெரிவது இயல்பு. காய்ந்து, நிறம் மாறினால் அவசரம். சலைன் நனைத்த காஸை வைத்து ஈரமாகவே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள், விட்டால் அதைக் கடித்தே எடுத்துவிடும். பெண்ணாக இருந்து வயிற்றுப்பையைக் கடித்தால் பைக்குள் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை ஆன இடத்தைக் கடித்தால் தையலும் வலியும்தான் காரணம். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் தையல் வெளியே தெரியாமல் போட்டு, மயக்கம் தெளிவதற்கு முன்பே வலி மருந்தும் காலரும் கொடுத்துவிடுகிறார்கள். கருத்தடைக்குத் தேதி வாங்கும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

பின்காலைக் கடித்தால் சாப்பாட்டை யோசியுங்கள். வாழைப்பழமும் செரலாக்கும் மட்டுமே கொடுத்து வளர்க்கும் வீடுகள் பல. பழத்தில் கால்சியம் போதாது. மாதக்கணக்கில் இப்படிப் போனால் எலும்பு மெலியும், பின்கால் தடுமாறும், சின்னத் தாவலில் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே வலிக்கும். எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

உடம்பில் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னால் மிச்சம் இருப்பது மனசு. தனியாக வளரும் கிளைடர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன, அதிலும் கருத்தடை ஆகாத ஆண். விற்கும்போது "ஒண்ணு போதும், அப்பதான் உங்க கிட்ட ஒட்டும்" என்று சொல்கிறார்கள். ஒட்டும்தான். ஆனால் நீங்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விடுவீர்கள், இரவில் தூங்கிவிடுவீர்கள். அது முழித்திருக்கும் நேரம் முழுக்கத் தனியாக இருக்கும். ஒன்றை மட்டும் விற்பது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை என்றே நான் நினைக்கிறேன். கடிப்பதற்கு முன்பே அறிகுறி காட்டும். வால் அடியில் முடி கொட்டும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், கூண்டில் ஒரே வட்டத்தில் சுற்றும், ஒரே மாதிரி கரணம் போடும். இதை விளையாட்டு என்று வீடியோ எடுப்பவர்கள் உண்டு. அது துன்பம்.

சத்தமும் சேரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, கோயில் விழா ஒலிபெருக்கி, தெருவில் சாவு மேளமும் வெடியும். இவற்றை நாம் நிறுத்த முடியாது. கூண்டைத் தெருப்பக்கச் சன்னலிலிருந்து உள்ளறைக்கு மாற்றலாம், தீபாவளி வாரத்தில் தடித்த போர்வையால் மூன்று பக்கம் மூடலாம். ஒளிந்துகொள்ள ஒரு துணிப்பை எப்போதும் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஜோடி இருந்தால், காயம் ஆறும்வரை ஒரே பெட்டியில் விட வேண்டாம், அது காயத்தையும் காலரையும் கடிக்கும். ஆனால் வேறு அறைக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கவும் வேண்டாம். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படுக்கைத் துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள், வாசனை விட்டுப்போகாது.

வால் நுனியோ விரலோ பிழைக்காது என்றால் மருத்துவர் எடுத்துவிடச் சொல்லலாம். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் வால் குறைந்த கிளைடர் நன்றாகவே வாழும், வலியை அடக்கியிருந்தால். மார்பையோ வயிற்றையோ கடித்துத் திறந்துவிட்ட நிலையில் சில கிளைடர்களைக் காப்பாற்ற முடியாது. அப்போது மருத்துவர் வலியில்லாமல் உயிரைப் போகவிடுவதைப் பற்றிப் பேசினால், அவர் கைவிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிழைத்து, காயம் முழுக்க மூடி, முடி முளைக்கத் தொடங்கிய பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலரைக் கழற்றிப் பழக்குங்கள். பழைய இடத்துக்கு வாய் போனால் உடனே திரும்ப மாட்டுங்கள். அந்த இடத்தை மறந்து சாப்பிடவும் தாவவும் தொடங்கிய பிறகுதான் துணை சேர்ப்பதை யோசிக்க வேண்டும். ஆணுக்குக் கருத்தடை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புதிதாக வருவதை முதலில் தனிக் கூண்டில், கை எட்டாத இடைவெளியில் வைத்து, துணிப்பைகளை மட்டும் மாற்றிப் போட்டு வாருங்கள். இரண்டும் மற்றதன் பையில் சீறாமல் தூங்கினால், இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பொது இடத்தில், நீங்கள் கூடவே இருந்து, சந்திக்க விடலாம்.